மேடையைச் சுருக்குங்கள், மேசையைக் கவனியுங்கள்: ஒன்றுகூடல் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முன்னாள் தோட்ட மக்கள் சந்திப்பு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்பு, தாமான் குடியிருப்பாளர் விருந்து, திறந்த இல்ல உபசரிப்பு என்று கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் கூடுவதற்குக் குறைவே இல்லை. ஆனால் வருகிறவர் தெரிந்த முகங்களோடு உட்காருகிறார், மேடையைப் பார்க்கிறார், சாப்பிடுகிறார், கார் நிறுத்திய இடத்தைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். புதிதாக ஒருவரிடம்கூட முகம் கொடுத்துப் பேசியிருக்கமாட்டார். பெரும்பாலும் குற்றம் அவருடையதல்ல. நிகழ்ச்சியை அமைத்த விதம்தான் காரணம். 30 முதல் 80 பேர் வரை கூடும் சந்திப்புகளை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கணக்குச் சொல்லும் இடங்களில் 48 பேரை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எத்தனை பேரை அழைத்தால் சரியாக இருக்கும்?

எத்தனை பேர் என்பதைவிட, எத்தனை பேராகப் பிரித்து உட்கார வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. தானாகக் கூடிப் பேசும் கூட்டங்களை ராபின் டன்பாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கவனித்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உரையாடல் நான்கு பேரைத் தாண்டினால் பெரும்பாலும் இரண்டாக உடைந்துவிடுவதைக் கண்டார்கள். நம் வீட்டு விசேஷங்களிலும் இதைப் பார்க்கலாம். ஐந்தாவது ஆள் வந்து உட்கார்ந்ததும் ஒருவர் கைப்பேசியை எடுத்துவிடுவார்.

ஆகவே 300 பேர் வந்தாலும் நான்கு நான்காகப் பேச இடமிருந்தால் நல்ல சந்திப்புதான். 20 பேரையே வரிசையாக மேடையைப் பார்த்து உட்கார வைத்தால் அது வெறும் கூட்டம். முதல் முறை நடத்துகிறவர்கள் 48 பேரைத் தாண்டவேண்டாம். அதற்கு மேல் போனால் ஏற்பாட்டாளர் எல்லாருடைய பெயரையும் நினைவில் வைத்திருக்க முடியாது.

மேசை எப்படிப் போடுவது? விருந்து மண்டபத்தில் பத்துப் பேர் வட்ட மேசைதான் தருகிறார்கள்.

வட்ட மேசை பார்க்க அழகாக இருக்கும், பேச உதவாது. பத்துப் பேர் உட்காரும் மேசையின் விட்டம் 5 அடி. எதிரே இருப்பவரின் முகம் ஏறக்குறைய 6 அடி தள்ளி இருக்கும். நடுவில் பூ ஜாடி, தண்ணீர்ப் புட்டிகள் வேறு. ஒலிபெருக்கி ஓடும்போது வலப்பக்கத்தவர், இடப்பக்கத்தவர் இருவரோடு மட்டுமே பேச முடியும். அந்த இருவரும் கணவனும் தங்கையுமாக இருப்பார்கள்.

மடக்கு மேசையைக் கேளுங்கள்: நீளம் 6 அடி, அகலம் இரண்டரை அடி. பக்கத்துக்கு மூவராக ஆறு பேர். எதிரே இருப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். ஆறு பேரும் மூன்று மூன்றாகவோ நான்கும் இரண்டுமாகவோ தாமே பிரிந்து பேசிக்கொள்வார்கள். 48 பேருக்கு எட்டு மேசை. நாற்காலி இழுக்கவும் சக்கர நாற்காலி போகவும் சேர்த்து ஒரு மேசைக்கு 10 அடிக்கு 8 அடி இடம் வையுங்கள். எட்டு மேசைக்கு 640 சதுர அடி ஆகிறது. சாப்பாட்டு மேசைக்கும் வாசலுக்கும் சேர்த்தால் ஆயிரம் சதுர அடி மண்டபம் தாராளம். இரண்டாயிரம் சதுர அடி கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். பெரிய இடத்தில் ஆட்கள் சுவரோரமாக ஒதுங்குவார்கள், பாதி மண்டபம் வெறிச்சோடிக் கிடக்கும்.

இன்னொன்று. 48 பேர் வருவார்கள் என்றால் 40 நாற்காலியை மட்டும் போட்டுவிட்டு, மற்றதை மூலையில் அடுக்கி வையுங்கள். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் முதலில் வருகிறவர்கள் பின்வரிசையையும் ஓரத்தையும் பிடித்துக்கொள்வார்கள். தாமதமாக வருகிறவருக்கு மேசைக்காரர்களே ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு நகர்ந்து உட்காரட்டும். அறிமுகம் அங்கேயே முடிந்துவிடும்.

எந்த நாள், எந்த நேரம்?

ஆடியும் மார்கழியும் நல்ல மாதங்கள். முகூர்த்தம் இல்லாததால் மண்டபமும் கிடைக்கும், அழைக்கப்படுகிறவர்களுக்குக் கல்யாணத்துக்குப் போகவேண்டிய நெருக்கடியும் இராது. ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் வரிசையாக வரும். அந்த வட்டாரத்துத் தேதிகளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. விரதத்தில் இருப்பவர்கள் வந்தாலும் மனம் பத்துமலையில்தான் இருக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, மாலை 4 மணி தொடக்கம் இங்கே மோசமான தேர்வு. கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மழை பிற்பகலிலும் மாலையிலும்தான் கொட்டும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இன்னும் அதிகம். மழை வந்தால் சாலை நெரிசல் ஒருபுறம், தகரக் கூரை போட்ட டேவானில் (பொது மண்டபத்தில்) பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் காதில் விழாது. வெள்ளி இரவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சனி காலை 10 முதல் 1.30 வரை என்பது எங்கள் பரிந்துரை. ஞாயிறு காலை கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஆராதனை நேரம். சனி காலையிலும் பிள்ளைகளுக்கு டியூசன் இருக்கும்தான், ஆனால் ஒரு வாரம் விட முடியும். மே 1, செப்டம்பர் 16 போன்ற பொது விடுமுறைகளும் பொருத்தமானவை. ஒரே சிக்கல், நீண்ட வார இறுதியாக அமைந்தால் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள்.

இடம்?

வண்டி ஓட்டாத முதியவரும் கல்லூரி மாணவரும் வரவேண்டுமென்றால் ரயிலை ஒட்டிய இடமாகப் பாருங்கள். பத்துமலையிலிருந்து வரும் கொமியூட்டரும் கிள்ளானிலிருந்து வரும் கொமியூட்டரும் கேஎல் சென்ட்ரலில் நிற்கும் என்பதால் பிரிக்பீல்ட்ஸ் எல்லாருக்கும் பொதுவான இடம். கார் நிறுத்தம் அங்கே பெரும் தொல்லை. அதை அழைப்பிலேயே சொல்லி, ரயிலில் வரச்சொல்லுங்கள்.

கோயில் மண்டபம், மாநகர் மன்ற டேவான், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி எதுவானாலும், முன்பதிவுக்கு முன் நேரில் போய் மூன்றைச் சோதியுங்கள். நடுவில் நின்று கையைத் தட்டுங்கள்; சத்தம் சுவரில் மோதித் திரும்பத் திரும்ப ஒலித்தால், 48 பேர் பேசும்போது இரைச்சல்தான் மிஞ்சும். பெரிய காற்றாடிகளை முழுவேகத்தில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள். கழிவறை எத்தனை படி ஏறியிருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். முழங்கால் வலியுள்ள பாட்டிமார் தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருந்துவிட்டுச் சீக்கிரம் கிளம்புவதற்கு அதுதான் காரணம்.

பூங்கா என்றால் தித்திவங்சா ஏரிப் பூங்காபோல நிழலுள்ள இடத்தில், காலை ஏழரைக்குத் தொடங்கி பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

10 மணி என்றால் 11 மணிக்கு வருகிறார்களே?

வரட்டும். நேரத்துக்கு வந்தவரைத் தண்டிக்கும் பழக்கத்தைத்தான் மாற்றவேண்டும். பத்து மணிக்கு வந்தவர் காலி மண்டபத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அடுத்த முறை அவரும் 11 மணிக்குத்தான் வருவார். முதல் 45 நிமிடத்துக்கு மேடை நிகழ்ச்சி எதுவும் வேண்டாம், கைவேலை ஒன்று இருக்கட்டும். அதில் யாரும் எப்போதும் சேரலாம். முன்னால் வந்தவர்களுக்குச் சூடான வடை கிடைக்கும். பின்னால் வருகிறவர் எதையும் தவறவிட்டதாக உணரமாட்டார்.

48 பேருக்கான ஒரு மாதிரி: 10 மணிக்கு வாசல் திறப்பு, தேநீர், கைவேலை; 10.45-க்கு இரண்டு நிமிட வரவேற்பு, 11 மணிக்கு மேசையில் முதல் சுற்றுப் பேச்சு, 11.35-க்கு இடம் மாற்றம், இரண்டாம் சுற்று, 12.15-க்குச் சாப்பாடு, 1.15-க்கு முடிப்பு. இதில் மேடைக்கு மொத்தம் பத்து நிமிடம்கூட இல்லை. அது போதும்.

வாசலில் என்ன செய்யவேண்டும்?

பெயர் அட்டை. தடித்த மார்க்கரில், எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது 2 சென்டிமீட்டர் உயரம். தமிழிலும் ரூமியிலும் (ரோமன் எழுத்திலும்) எழுதுங்கள். தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பெயருக்குக் கீழே பேச்சைத் தொடங்கி வைக்கும் ஒரு சொல் வேண்டும்: தோட்டத்தின் பெயர், ஆறாம் வகுப்பு முடித்த ஆண்டு, அல்லது பட்டப்பெயர். முப்பது வருடம் கழித்துப் பார்க்கும்போது இயற்பெயர் யாருக்கும் ஞாபகம் வராது, "கோழி மணியம்" என்றால் உடனே முகம் மலரும். பட்டப்பெயரை அவரே எழுதினால் மட்டுமே. மற்றவர் எழுதி ஒட்டக்கூடாது. பதவி, பட்டம், கம்பெனி பெயர் வேண்டாம்.

வாசலில் இருவர் நிற்கட்டும். ஒருவர் அட்டை கொடுப்பார், மற்றவர் கூடவே நடந்துபோய் கைவேலை மேசையில் விட்டு, "அண்ணே, இவங்க சிப்பாங்கிலிருந்து வர்றாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்புவார். "உள்ளே போங்க, சாப்பிடுங்க" என்று கையைக் காட்டுவது வரவேற்பாகாது.

பந்து எறிதல், இசை நாற்காலி மாதிரி விளையாட்டு வைக்கலாமா?

பிள்ளைகளுக்கு வையுங்கள். சேலை கட்டி வந்த அக்காவைப் பலூன் உடைக்கச் சொன்னால் அவர் சிரிப்பார், ஆனால் அடுத்த முறை வரமாட்டார்.

அப்படியானால் கைவேலை என்று எதைக் கொடுப்பது?

முன்னாள் தோட்ட மக்களுக்கு எங்கள் அனுபவத்தில் மிகச் சிறந்தது தோட்ட வரைபடம். தேவையானவை: மாஜோங் காகிதம் (பெரிய வெள்ளைத் தாள்) எட்டுத் தாள், மாஸ்கிங் டேப், தடித்த மார்க்கர் ஆறு, பென்சில், ஒரு பொட்டலம் ஒட்டுத்தாள். இரண்டு மடக்கு மேசைகளை நீளவாட்டில் ஒட்டிப்போட்டு, அதன் மேல் காகிதத்தை இரண்டு அடுக்காக விரித்து ஓரங்களை டேப்பால் பிடித்துவையுங்கள். ஒரே அடுக்கானால் மை கசிந்து மேசையில் இறங்கும், வாடகைக்காரர் பிடித்துக்கொள்வார். சுவரில் ஒட்டாதீர்கள். சுவரில் இருந்தால் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். மேசையில் இருந்தால் சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். முதியவர்கள் நாற்காலி போட்டு உட்காரலாம்.

வெற்றுத்தாளாக வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். முழுதும் வரைந்து வைத்தால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பெரிய சாலை, ஆறு, கோயில் ஆகிய மூன்றை மட்டும் பென்சிலால் வரைந்துவையுங்கள். அதிலும் ஒன்றை வேண்டுமென்றே இடம் மாற்றி வரைவது நல்ல தந்திரம். "ஏம்ப்பா, கோயில் மேட்டுல இல்ல இருந்துச்சு" என்று முதல் குரல் வந்ததும் வேலை தொடங்கிவிட்டது. பிறகு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை (பிள்ளைக் காப்பகம்), பால் ஸ்டோர், கிராணி (எழுத்தர்) வீடு, கள்ளுக்கடை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். யார் வீடு எந்த லயத்தில் எத்தனையாவது கதவு என்பதை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். தப்பாக ஒட்டினால் நகர்த்தலாம்.

இதில் ஒரு விதி முக்கியம்: மார்க்கர் இருபது வயதுக்கு உட்பட்டவர் கையில் மட்டுமே இருக்கவேண்டும். பெரியவர்கள் சொல்லவேண்டும், பிள்ளைகள் வரையவேண்டும். தாத்தா சொன்னது பேத்திக்குப் புரியவில்லை என்றால் அவள் கேட்டே ஆகவேண்டும்: "பெரட்டுன்னா என்ன தாத்தா?" விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்த கதை அங்கிருந்து தானாக வரும். மேடையில் ஏறி இதையே பத்து நிமிடம் உரையாகச் சொன்னால் பிள்ளைகள் வெளியே ஓடியிருப்பார்கள்.

ஒரே வரைபடத்தைச் சுற்றி எல்லாரும் நிற்க முடியாது. 48 பேருக்கு மூன்று வேண்டும்: டிவிசன் வாரியாகவோ, அறுபதுகள், எழுபதுகள், எண்பதுகள் என்று காலவாரியாகவோ பிரிக்கலாம்.

பள்ளி முன்னாள் மாணவர்களுக்கு இதையே ஆறாம் வகுப்பு அறையாக மாற்றிக்கொள்ளுங்கள்: எந்த மேசையில் யார், கரும்பலகை எந்தப் பக்கம், மழை பெய்தால் ஒழுகும் இடம் எது.

பழைய பழக்கம் எதுவுமில்லாத தாமான்காரர்களுக்கு வண்ண அரிசிக் கோலம் பொருத்தம். 5 அடி விட்டத்துக்குச் சுமார் 5 கிலோ அரிசி, நான்கு நிறம், சுற்றி எட்டுப் பேர். அரிசிக்கு நிறம் போடுவதை இரண்டு நாள் முன்பே முடித்து நன்றாக உலர்த்திவிடுங்கள். ஈரம் இருந்தால் கையெல்லாம் சாயம், வெள்ளை வேட்டிக்காரர்கள் பக்கத்திலேயே வரமாட்டார்கள். நிறக் கிண்ணங்களை நிறத்துக்கு ஒன்றுதான் வையுங்கள். "அந்தச் சிவப்பைக் கொஞ்சம் தள்ளுங்க" என்று கேட்காமல் வேலை ஓடக்கூடாது.

மேசையில் என்ன பேச வைப்பது?

ஆர்தர் ஆரோனும் சக உளவியலாளர்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். முன்பின் தெரியாத இருவரை 45 நிமிடம் 36 கேள்விகளுக்கு மாறி மாறிப் பதில் சொல்ல வைத்தார்கள். கேள்விகள் மூன்று கட்டமாக, மெல்ல மெல்ல மனத்துக்கு நெருக்கமாகப் போகும். ஊர்க்கதை மட்டும் பேசிய இணைகளைவிட இவர்கள் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். நமக்கு எடுத்துக்கொள்ளவேண்டியது அந்தப் படிக்கட்டுதான். கேள்விகளை அப்படியே பெயர்த்து வைத்தால் நம் ஆட்களுக்கு ஒட்டாது.

முதல் சுற்றுக்கு: "சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை பசியாறைக்கு வீட்டில் என்ன?" "முதல் சம்பளத்தில் யாருக்கு என்ன வாங்கிக் கொடுத்தீர்கள்?" இரண்டாவதற்கு: "உங்களுக்குச் செய்யத் தெரிந்து, வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத வேலை எது?" சாப்பாட்டுக்குச் சற்று முன்: "நன்றி சொல்லாமல் விட்டுவிட்ட ஒருவர் யார்?" கடைசிக் கேள்வியை முதலில் வைத்தால் மேசை உறைந்துவிடும்.

ஒரு சுற்றுக்கு இரண்டு கேள்வி போதும். அட்டையில் இரண்டு மொழியிலும் அச்சிட்டு, கவிழ்த்து வையுங்கள். பதில் சொல்ல விருப்பமில்லாதவர் "அடுத்தவர்" என்று சொல்லலாம் என்பதை அட்டையிலேயே போட்டுவிடுங்கள்.

தவிர்க்கவேண்டியவை எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கேட்போம்: என்ன வேலை, கல்யாணம் ஆயிற்றா, பிள்ளை எந்தப் பல்கலைக்கழகம், சொந்த வீடா வாடகையா. இந்த நான்கும் பேச்சைத் தொடங்காது, தராசைத்தான் எடுத்து வைக்கும்.

பெரியவர்கள் முன்னால் இளையவர்கள் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

மரியாதை காரணமாகப் பேசாமல் இருக்கிறார்கள்; அந்த மரியாதையைக் கலைக்கவேண்டியதில்லை. முறை வைத்தால் போதும். மேசையில் மிக இளையவர் முதலில் பதில் சொல்லவேண்டும் என்று ஆக்கிவிடுங்கள். பெரியவர் முதலில் சொன்னால் இருபது நிமிடம் அவர் கையில் போய்விடும், பிறகு சொல்கிறவர்கள் "ஐயா சொன்னதுதான் எனக்கும்" என்று முடித்துவிடுவார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். மணி அடிக்கவேண்டாம், மேசைப் பொறுப்பாளர் அடுத்தவரைப் பார்த்துத் தலையசைத்தாலே போதும்.

தமிழில் தடுமாறும் பிள்ளையைத் திருத்தாதீர்கள் என்று பொறுப்பாளர்களிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மலாய், ஆங்கிலம் கலந்து சொன்னாலும் பேச்சு ஓடட்டும். "தமிழ்ல சொல்லு பாப்பா" என்ற ஒரு வார்த்தையோடு அந்தப் பிள்ளையின் சந்திப்பு முடிந்துவிடுகிறது.

பிரமுகரை அழைக்காமல் முடியுமா? மண்டபச் செலவில் பாதி அவர் கொடுத்தது.

அழையுங்கள். ஆனால் முன்வரிசை சோபாவும், அதற்கு முன்னால் துணி போட்ட சின்ன மேசையும் வேண்டாம். அவரையும் ஆறு பேர் மேசையில் ஒருவராக உட்கார வையுங்கள். அவருடைய உதவியாளரிடம் ஒரு வாரத்துக்கு முன்பே எழுத்தில் மூன்று விஷயம் சொல்லிவிடவேண்டும்: உரை மூன்று நிமிடம், நேரம் 12.10, அவர் தாமதமானாலும் சாப்பாடு 12.15-க்குத் தொடங்கும். இது அவமரியாதை அல்ல. பசித்த கூட்டத்தின் முன் பேசுவது எந்தப் பிரமுகருக்கும் நல்லதல்ல, அனுபவமுள்ளவர்கள் இதை உடனே ஒத்துக்கொள்வார்கள். பொன்னாடையும் மாலையும் ஒருவருக்கென்றால் ஒரு நிமிடம். பன்னிரண்டு பேருக்கு என்றால் படம் பிடிப்பதோடு சேர்த்து அரை மணி நேரம் போய்விடும். தோட்டத்தின் மூத்த குடும்பங்களைச் சிறப்பிக்க விரும்பினால் அவரவர் மேசைக்கே போய்ச் செய்யுங்கள்.

பாட்டு, கரோக்கே, நடனம்?

ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல். பின்னணி இசை அதைத் தாண்டினால் ஆட்கள் குரலை உயர்த்துவார்கள். எல்லாரும் உயர்த்த, இன்னும் உயர்த்தவேண்டி வரும். அரை மணி நேரத்தில் தொண்டை கட்டி, பேசுவதையே விட்டுவிடுவார்கள். கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, கடைசி மேசையில் உட்கார்ந்து பாருங்கள். இசை மட்டும் ஓடும்போது 55-க்கு மேல் போகக்கூடாது. பேச்சுச் சுற்று நடக்கும்போது இசையை முழுதாக நிறுத்திவிடுங்கள்.

கரோக்கே வேண்டுமென்றால் முடியும் தறுவாயில் 15 நிமிடம், ஒருவர் பாடாமல் எல்லாரும் சேர்ந்து பாடும் பாட்டாக. மைக்கை விடாத அண்ணன் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. அவரை அன்றைய தினம் அறிவிப்பாளர் ஆக்கிவிடுவது நல்ல வழி, நேரப் பட்டியல் கையில் இருந்தால் அவரே மற்றவர்களைக் கட்டுப்படுத்துவார்.

டிக்கெட் விற்றுப் பொதுமக்களுக்கு மேடை நிகழ்ச்சி நடத்துவது வேறு கணக்கு. கோலாலம்பூரில் அதற்கென்றே 1992-ஆம் ஆண்டுப் பொழுதுபோக்குச் சட்டம் இருக்கிறது. மாநகர் மன்றத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டை எப்படி அமைப்பது?

புஃபே வரிசையில் ஒருவர் தட்டு நிரப்ப அரை நிமிடம் ஆகும் என்று வையுங்கள். 48 பேருக்கு 24 நிமிடம். முதல் ஆள் சாப்பிட்டு முடிக்கும்போது கடைசி ஆள் இன்னும் தட்டோடு நிற்பார், மேசையில் கூடியிருந்த பேச்சு அங்கேயே கலைந்துபோகும். பந்தி முறைக்கு மாற்றுங்கள், ஆனால் வழக்கமான ஒருபக்க வரிசையாக இல்லாமல் எதிரெதிராக. மேசைக்கு ஒரு செட் பாத்திரம். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் எழுந்து தன் மேசைக்குப் பரிமாறுவார், பாயசத்துக்கு ஆள் மாறுவார். "போதும் போதும்", "இன்னும் கொஞ்சம் வையுங்க" என்ற சத்தம் கேட்கத் தொடங்கினால் முன்பின் தெரியாதவர்களும் உறவு முறை சொல்லி அழைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று 5 கிலோ. தேநீர் ஆளுக்கு ஒன்றரைக் குவளையாக 11 லிட்டர். அதில் மூன்று லிட்டரைச் சீனியில்லாத தே ஓ கோசோங்காக வையுங்கள், சர்க்கரைக்காரர்கள் தனியாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள். பாயசம் சின்னக் கப்பில்.

சைவமாகவே வைத்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும். அசைவம் இருந்தே ஆகவேண்டுமென்றால் முஸ்லிம் நண்பர்களுக்காக ஹலால் சான்றிதழ் உள்ள கேட்டரிங்கில் கோழி மட்டும் எடுங்கள். பாத்திரமும் கரண்டியும் தனி மேசையில் இருக்கட்டும். புரட்டாசியில் அதுவும் வேண்டாம்.

மது?

வேண்டாம். ஒரு மேசைக்கு மட்டும் என்று தொடங்கினாலும் ஆண்கள் கார் நிறுத்துமிடத்துக்கு நகர்வார்கள், பெண்கள் மணியைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

ஒருவர் தனியாக ஒதுங்கி நிற்கிறார். போய் இழுத்து வரலாமா?

இழுக்கவேண்டாம், வேலை கொடுங்கள். "அண்ணே, இந்தத் தண்ணீர் ஜாடியை ஐந்தாம் மேசையில் வைக்க முடியுமா?" என்றால் அவர் ஒரு காரணத்தோடு அந்த மேசைக்குப் போவார், அங்குள்ள பொறுப்பாளர் மீதியைப் பார்த்துக்கொள்வார். 2018-இல் எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு: புதிதாகப் பேசிய இருவரில் ஒவ்வொருவரும், எதிரே இருந்தவருக்குத் தன்னைப் பிடித்த அளவைக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். ஒதுங்கி நிற்பவர் கர்வக்காரர் அல்ல. "நம்மகிட்ட யாரு பேசப்போறா" என்று நினைப்பவர்.

பழைய பகை, கடன், பங்காளிச் சண்டை உள்ளவர்களை ஒரே மேசையில் சேர்த்துச் சமாதானம் செய்து வைக்கும் ஆசை வேண்டாம். ஊர் நிலவரம் தெரிந்த ஒரு பெரியம்மாவிடம் மேசைப் பட்டியலை முன்னாலேயே காட்டுங்கள், ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

எப்படி முடிப்பது?

கூட்டம் கரைவதற்கு முன் நீங்களே முடியுங்கள். நன்றியுரையில் இருபது பெயர் வாசித்தால் பதினெட்டாவது பெயருக்குள் வாசல் நிறைந்துவிடும். அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். படம் எடுப்பதையும் மேசைவாரியாகச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள், படம் வேண்டாம் என்பவருக்குப் பெயர் அட்டையில் சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டினால் போதும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு வேலை: ஒவ்வொரு மேசையும் தமக்குள் அடுத்த தேநீருக்கு ஒரு நாள், ஒரு மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்), ஒரு பொறுப்பாளர் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். மூன்று வாரத்துக்குள். "பிறகு பார்ப்போம்" என்பது தேதியல்ல.

அதற்கு வாட்ஸ்அப் குழு போதாதா?

நூறு பேர் குழுவில் காலை வணக்கப் படமும் அரசியல் காணொளியும்தான் ஓடும். அறிமுகம் ஓரளவு நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம், நல்ல நட்பாக 90 மணி, நெருங்கிய நட்பாக 200 மணிக்கு மேல் சேர்ந்து கழிக்கவேண்டியிருக்கும் என்று ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் கணக்கிட்டார். உங்கள் சந்திப்பு கொடுப்பது மூன்றரை மணி. அதனால்தான் ஆறு பேர் தேநீருக்கு இவ்வளவு முக்கியத்துவம். குழுவை மேசைவாரியாக ஆறு ஆறு பேராகத் தொடங்குங்கள். பெரிய குழு அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும்.

எத்தனை உதவியாளர்கள் வேண்டும்?

48 பேருக்கு எட்டு: வாசலில் இருவர், இரண்டு மேசைக்கு ஒரு பொறுப்பாளராக நால்வர், சாப்பாட்டுக்கு ஒருவர், நேரம் பார்க்க ஒருவர். ஏற்பாட்டுக் குழுத் தலைவர் இந்த எட்டில் இருக்கக்கூடாது. அவர் கையில் வாக்கி-டாக்கியோடு ஓடிக்கொண்டிருந்தால் வந்தவர்கள் "பாவம், பிசியா இருக்காரு" என்று பேசாமல் போய்விடுவார்கள். நால்வருக்கும் நிகழ்ச்சிக்கு முன் 20 நிமிட விளக்கம் கொடுங்கள்: யாரைக் கவனிக்கவேண்டும், எப்போது இடம் மாற்றவேண்டும், எதைச் சொல்லக்கூடாது.

வருகிறேன் என்றவர்கள் வராவிட்டால்?

கட்டணமே இல்லாத சந்திப்புகளில் இது அதிகம். ஆளுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் வாங்குங்கள், முடியாதவர்களிடம் கேட்காதீர்கள். அந்தப் பட்டியல் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். மூன்று நாள் முன்பு குறுஞ்செய்தி அனுப்பாமல் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.

அப்படியும் 30 பேர்தான் வந்தார்கள் என்றால் பதற்றம் வேண்டாம். 11 மணிக்கு முன் மூன்று மேசைகளை மடக்கி எடுத்துவிட்டு, மீதி ஐந்தை நெருக்கிப் போடுங்கள். உரிமை கோராத பெயர் அட்டைகளை வாசலிலிருந்து அகற்றிவிடுங்கள். வரிசையாகக் கிடந்தால் வந்தவர்கள் எண்ணத் தொடங்குவார்கள். மிஞ்சும் சாப்பாட்டுக்குத் தபாவ் டப்பா (வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கும் டப்பா) இருபதாவது கைவசம் இருக்கட்டும், கோழி இருந்தால் அதற்குத் தனி டப்பா.